நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி யார்?

பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டிலும் வி. களத்தூரிலும், வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றவரின் இல்லம் ஒன்றேனும் இல்லாத தெரு அரிது. அடுத்துள்ள அரியலூரில், சிமெண்ட் ஆலைகளையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் நம்பி லாரி ஓட்டும் தந்தை, பிள்ளை உறங்கிய பின் வந்து விழிக்குமுன் புறப்பட்டு விடுகிறார். இவ்வில்லங்களில் வளரும் பதின்மூன்று வயதுச் சிறுவனை எண்ணிப் பாருங்கள். பருவத்தின் வாசலில் நிற்கும் அவனைப் பிக்ஹு நூலோர் 'முராஹிக்' என்பர். ஆண்மகன் என்பவன் எப்படி இருக்க வேண்டுமென்று அவன் யாரைப் பார்த்து அறிவான்?

நம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவன், "பொம்பளைக்கு என்ன தெரியும்? அடக்கித்தான் வைக்கணும்" என்று தன் தாயைப் பற்றித் தோழனிடம் கூறுவதைச் செவியுற்றுத் திடுக்கிட்டோம். வங்கிக் கணக்கு முதல் வயற்கூலி வரை அவ்வீட்டை நடத்துபவர் அந்தத் தாயே. அவனுடைய அத்தாவும் அப்படிப் பேசுபவர் அல்லர். விசாரித்தபோது, கைபேசியில் நாள்தோறும் முழங்கும் யாரோ ஒருவரின் வாசகம் அது எனத் தெரிந்தது.

கண்டித்தோம், தலைகுனிந்து நின்றான். பின்னர் நம் உள்ளமே நம்மைக் கண்டித்தது. ஐந்தாண்டுகளாக அவனுடைய உச்சரிப்பைத் திருத்தினோமே, அவன் மனத்தில் என்ன இருக்கிறதென்று ஒருநாளேனும் கேட்டோமா?

குற்றம் கைபேசியினுடையதா? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்துக்கென்று அதை வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. அத்தாவின் முகம் தெரிவதும் அதே திரையில்தான். அவர் ஐந்து நிமிடம் தோன்றி, "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்று கேட்டு மறைகிறார். அந்நியனோ மணிக்கணக்கில் உடனிருந்து, பிள்ளை நம்மிடம் கேட்கத் துணியாத கேள்விகளுக்கெல்லாம் விடை கூறுகிறான். நேரம் கொடுப்பவனே ஆசானாகி விடுகிறான்.

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. கதவை அடைக்கச் சட்டம் உதவலாம். வெற்றிடத்தில் ஒரு மனிதரை அமர்த்த அதனால் இயலுமா?

தந்தை அருகில் இல்லாததே கேட்டுக்குக் காரணம் என முடிவு கட்டிவிடலாகாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபும் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. வணிகப் பயணத்திலும் அபூதாலிப் அவர்களை உடன் அழைத்துச் சென்றதை வரலாறு கூறுகிறது. தந்தையை இழந்த மழலையான இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களைக் காஸாவிலிருந்து மக்காவுக்குக் கொண்டு சென்று கல்வியில் சேர்த்தவர் அவர்களின் தாயாரே. பெண்ணுக்கு என்ன தெரியும் என்போருக்கு அந்த இமாமின் வாழ்வே விடை!

ஆகவே கேள்வி ஊரை நோக்கித் திரும்புகிறது. சாச்சா எங்கே? மாமு எங்கே? ஓதிக்கொடுக்கும் நாம் எங்கே? கடல் கடந்த தந்தையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மகன் வாய் திறக்கும் வரை காத்திருக்கலாமே!

இப்பொழுது அஸருக்குப் பின் சற்று நேரம், கிதாபை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறோம். அந்தச் சிறுவன் இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வருகிறான். அவன் பேசும் நாளில் செவிமடுக்கும் பொறுமையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.