காண்பார் இல்லாத ஏற்றம்

மிதிவண்டியில் மலையேறும் வீரனை இரு வேளைகளில் காணலாம். ஒன்று, பந்தய நாள். அன்று சாலையின் இருமருங்கும் மக்கள் திரண்டு நிற்பர். அவன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பர். களைத்தவனுக்குத் தண்ணீர் நீட்டுவர். மற்றொன்று, பந்தயம் இல்லாத ஏனைய நாள்கள். அதே சாலை, அதே ஏற்றம், அதே மூச்சிரைப்பு. ஆனால் இருபுறமும் மரங்கள் மட்டுமே நிற்கும். எங்கோ ஒரு மலையூரின் ஆலயமணி ஒலிக்கும். சக்கரம் உருளும் மெல்லிய ஓசையைத் தவிர அவனுக்குத் துணையாக வருவது எதுவும் இல்லை.

பந்தய நாளில் வீரன் அறியப்படுகிறான். ஆனால் அவன் உருவாவதோ யாரும் காணாத அந்த மற்ற நாள்களில்தான். மிதிவண்டி ஓட்டுவோர் அனைவரும் அறிந்த இந்த எளிய உண்மை நம் அறவாழ்வுக்கும் பொருந்துமா? காண்பார் இல்லாத ஏற்றத்துக்குப் பொருள் உண்டா? நன்மையை மறைந்து செய்வது சிறந்ததா, அல்லது பிறர் கண்டு பின்பற்றும்படி வெளிப்படையாகச் செய்வது சிறந்ததா?

இத்தாலியின் வடபகுதியில் கோமோ ஏரிக்கு மேலே, மக்ரெல்யோ என்னும் சிற்றூரில், கடல்மட்டத்திலிருந்து 754 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கிசல்லோ அன்னை மரியாவின் ஆலயம் அது. ஏரிக்கரையில் உள்ள பெல்லாஜியோவிலிருந்து காட்டுவழியே ஏறிவரும் சாலை செங்குத்தானது. ஏறி முடித்தவர்கள் மூச்சு வாங்க அந்த ஆலய வாசலில்தான் இறங்குவர். அவ்வூரின் பங்குத்தந்தையாக இருந்த எர்மெலிந்தோ விகானோ இதைக் கண்டு, இந்த அன்னையை மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1949-ஆம் ஆண்டில் அவ்வாறே அறிவித்தார். இன்று அதன் சுவர்களில் வெற்றியாளர்களின் சட்டைகளும் மிதிவண்டிகளும் தொங்குகின்றன. 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995-இல் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் மலையிறக்கத்தில் விழுந்து உயிர்நீத்த ஃபாபியோ கசார்தெல்லியின் நொறுங்கிய வண்டியும் அங்கே இருக்கிறது. வெற்றியும் இழப்பும் அன்னையின் காலடியில் அருகருகே!

இந்த ஆலயத்தோடு நெருங்கிய தொடர்புடைய பெயர் ஜீனோ பர்த்தாலி. 1914-ஆம் ஆண்டில் ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகே, போன்த்தே அ ஏமா என்னும் ஊரில் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். இத்தாலியின் பெரும் பந்தயத்தை 1936, 1937, 1946 ஆகிய ஆண்டுகளிலும், பிரான்சின் பெரும் பந்தயத்தை 1938, 1948 ஆகிய ஆண்டுகளிலும் வென்றவர். அவருடைய தம்பி ஜூலியோவும் மிதிவண்டி வீரரே. 1936-இல் பந்தயத்தின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார். அந்தத் துயரத்தில் ஓட்டத்தையே விட்டுவிட எண்ணிய பர்த்தாலி, பின்னர் கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்து, செபமும் உழைப்புமாய் வாழ்ந்தார். "பக்திமான் ஜீனோ" என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

1943 செப்டம்பரில் செருமானியப் படை இத்தாலியை ஆக்கிரமித்தது. யூத மக்களைத் தேடிப் பிடிக்கும் வேட்டை தொடங்கிற்று. ஃபுளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா மடங்களின் கதவுகளை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அசிசியில் ஆயர் நிக்கொலினியும், அருள்பணியாளர் புருனாச்சியும், பிரான்சிஸ்கு சபைத் துறவி ருஃபீனோ நிக்காச்சியும் துன்புற்றோருக்குத் தஞ்சமளித்தனர். தஞ்சம் மட்டும் போதாதே! புதிய பெயரில் அடையாளத் தாள்கள் வேண்டும். அவற்றை அசிசியின் சிறு அச்சகத்தில் லூயிஜி பிரித்சியும் அவர் மகன் திரென்த்தோவும் மறைவாக அச்சிட்டனர்.

ஒளிப்படங்களை அங்கே கொண்டு சேர்க்கவும், முடிந்த தாள்களைத் திருப்பிக் கொண்டுவரவும் ஒருவர் வேண்டியிருந்தது. அவரே பர்த்தாலி என்கின்றன அவரைப் பற்றிய சாட்சியங்கள். மிதிவண்டியின் சட்டம் உள்ளீடற்ற உருக்குக் குழாய்களால் ஆனது. இருக்கையை உருவி எடுத்துவிட்டால், அக்குழாய்க்குள் சுருட்டிய தாள்களை நுழைத்துவிடலாம். வழியில் வீரர்கள் நிறுத்தினால், தம் வண்டியின் உறுப்புகள் வேகத்திற்காக நுட்பமாகப் பொருத்தப்பட்டுள்ளன, தொடவேண்டாம் என்பாராம். நாடறிந்த வீரர் பயிற்சிக்குப் போகிறார் என்று அவர்களும் விட்டுவிடுவர்.

ஃபுளோரன்சிலிருந்து அசிசிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்தால் அரெட்சோ. பின்னர் குன்றின்மேல் கற்சுவர் சூழ்ந்த கொர்த்தோனா. அதன்பின் திராசிமேனோ ஏரி, பெரூஜியா. இறுதியில் சுபாசியோ மலைச்சரிவில் வெளிர்சிவப்புக் கற்களால் எழுந்த அசிசி. ஒலிவத் தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும் ஓக் மரக் காடுகளும் மாறிமாறி வரும் நாடு அது. எண்ணூறு ஆண்டுகளுக்குமுன் புனித பிரான்சிஸ் அந்நாட்டை வெறுங்காலால் நடந்து அளந்தார். அதே குன்றுகளின் ஊடே, பல உயிர்களைக் குழாய்க்குள் சுமந்தபடி, ஒருவர் மிதித்துச் சென்றார். வழியோரத்தில் நின்றவர்கள் கண்டது ஒரு பந்தய வீரரை. அவர் செய்துகொண்டிருந்ததை எவரும் காணவில்லை.

போர் முடிந்தபின் பர்த்தாலி இதைப் பற்றிப் பொதுவில் பேசவில்லை. மகன் அந்திரேயாவிடம் மட்டும் சிறிது சிறிதாகச் சொன்னாராம். அதையும் வெளியில் சொல்லவேண்டாம் என்றாராம். நன்மை செய்யவேண்டியது, சொல்லிக்கொள்ள வேண்டியதன்று என்பது அவர் கொள்கை. 2000-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அவர் இறந்தார். 2013-இல், எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் அவரை, உயிரைப் பணயம் வைத்து யூதரைக் காத்த பிற இனத்து நேர்மையாளர்களுள் ஒருவராக அறிவித்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அசிசிப் பயணங்கள் உண்மையிலேயே நடந்தனவா என்று இத்தாலிய வரலாற்றாய்வாளர் சிலர் அண்மை ஆண்டுகளில் ஐயம் எழுப்பியுள்ளனர். அச்செய்தியைப் பரவலாக்கியது 1978-இல் அலெக்சாண்டர் ராமாத்தி எழுதிய நூல். அது நிகழ்ச்சிகளைப் புதினம் போலச் சொல்வது என்பது அவர்கள் வாதம். அதே வேளையில், தம் குடும்பத்தை ஃபுளோரன்சில் ஒரு நிலவறையில் மறைத்துக் காத்தவர் பர்த்தாலியே என்று கோல்டன்பெர்க் குடும்பத்தின் மகன் சாட்சி சொல்லியுள்ளார்.

ஆய்வாளரின் ஐயத்தைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. உண்மையைத் தேடுவது அவர்கள் கடமை. ஆனால் அந்த ஐயமே நமக்கு ஒரு பாடமாகிறது. மறைவில் செய்யப்படும் நன்மை தன் சான்றையும் தானே அழித்துக்கொள்கிறது. புகழை மட்டுமன்று, பிற்காலத்தார் நம்புவார்கள் என்னும் உறுதியையும் அது இழக்கத் துணிகிறது. மறைவாய் உள்ளதைக் காணும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல், இந்த இழப்பை எவர்தான் தாங்குவர்?

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் இரண்டு கட்டளைகள் தருகிறார். மக்கள் நம் நற்செயல்களைக் கண்டு விண்ணகத் தந்தையைப் போற்றும்படி நம் ஒளி ஒளிரவேண்டும் என்பது ஒன்று (மத் 5:16). வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்பது மற்றொன்று (மத் 6:3). ஒரே உரையில் இரு வேறு திசைகளா? புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். புகழ் வெளிப்படுவது தன்னளவில் பாவமன்று. இறைமாட்சிக்கோ பிறர் நலனுக்கோ செலுத்தப்படாமல் தன்னிடமே திரும்பும்போதுதான் அது வீண்புகழ் ஆகிறது என்பார். நூலில் படித்தபோது எனக்கு இது எளிதாகவே இருந்தது. பங்கிலே அதை வாழ்வதுதான் கடினமாயிற்று.

நம் ஆலயங்களைச் சற்று நோக்குங்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர். இருக்கையின் முதுகில் பெயர். சில இடங்களில் குழல்விளக்கின் மீதும் பெயர், ஒளியையே சற்று மறைத்துக்கொண்டு! கொடுத்தவர்களை நான் பழிக்கவில்லை. பெயர் எழுதினால்தான் நன்கொடை வரும் என்று கணக்குப் போட்ட பங்குத்தந்தையருள் நானும் ஒருவன்.

ஒருமுறை பங்குத் திருவிழாத் திருப்பலியின் முடிவில் ஒரு மூதாட்டியின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்துப் பாராட்டினேன். பல ஆண்டுகளாகப் பீடத்துணிகளைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்துத் தருபவர் அவர். மக்கள் கைதட்டினர். சற்று நேரத்தில் அவர் திருப்பண்ட அறைக்கு வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "சாமி, இது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவிலே இருந்துச்சு. இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே துவைக்கும்போது யாருக்காகத் துவைக்கிறேன்னு எனக்கே சந்தேகம் வருமே" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை.

அன்றிரவு என்னையே வினவினேன். நன்றி சொல்வது குற்றமா? அன்று. ஆனால் நான் நன்றியால் சொன்னேனா? இல்லை. அந்த அம்மாவைக் காட்டி மற்றவர்களைப் பணிக்கு இழுக்கலாம் என்ற எண்ணமே என்னுள் இருந்தது. அவர் ஆண்டுக்கணக்காக யாரும் காணாமல் ஏறிய ஏற்றத்தை ஒரு நொடியில் பந்தயச் சாலையாக்கிவிட்டேன்.

அதன்பின் நற்செய்தியை மீண்டும் புரட்டினேன். தொழுநோயாளரைக் குணமாக்கிய இயேசு, இதை யாருக்கும் சொல்லாதே என்கிறார் (மாற் 1:44). வேறோரிடத்தில் பத்துப்பேர் நலம்பெற, ஒருவர் மட்டுமே திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று கேட்கிறார் (லூக் 17:17). இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நெறி புலப்படுகிறது. செய்தவரின் கடமை மறைப்பது. பெற்றவரின் கடமை மறவாதிருப்பது. பர்த்தாலி வாய்மூடியிருந்தது அறம். நிலவறையில் உயிர்பிழைத்த சிறுவன் முதுமையில் வாய்திறந்து சொன்னதும் அறமே. கொடுத்தவரே பெயர் பொறிக்கும்போதும், பெற்றவரே வாய்மூடும்போதும் இந்நெறி தலைகீழாகிறது. நன்றியின்றி, வேறொரு பயன் கருதிப் பிறர் நன்மையை விளம்பரமாக்குவதும் அத்தகையதே. அன்று நான் செய்தது அதுதான்.

மறைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. கண்டுபிடிக்கப்படவேண்டும் என்ற ஆசையோடு மறைப்பவரும் உளர். அதற்கு மருந்து சாலையிலேயே இருக்கிறது. தனியே மலையேறுபவனுக்குத் தன்னை வியக்க நேரமில்லை. அடுத்த வளைவு காத்திருக்கிறது. அடுத்து மிதிக்க வேண்டியதில் கருத்து இருப்பின், கடந்துவந்த உயரத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டோம்.

பின்னொரு நாள் அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று, ஒலிபெருக்கி இல்லாமல், எவரும் அருகில் இல்லாதபோது, நன்றி சொன்னேன்; மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கொடியில் காய்ந்த துணியை மடித்து என் கையில் தந்தார். வெள்ளைவெளேர் என்றிருந்தது. அதில் யாருடைய பெயரும் இல்லை.