மேசையும் மெய்ஞ்ஞானமும்

பிறருடைய சின்ன ஆசைக்கு எதிரே நாம் பெரிய தத்துவத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது தருமமா? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது ஒரு மேசை.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிறாள் என் தங்கை. 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். வீட்டில் உள்ளவை எல்லாம் அப்பா காலத்துச் சாமான்கள். கறுத்துப்போன தேக்கு பீரோ, ஊஞ்சல், நாற்காலி. தனக்கென்று அவள் முதன்முதலாகச் செய்யச் சொன்னது குமிழ் மரத்தில் ஒரு மேசை. இழைத்து நிறுத்தியபோது புது வைக்கோலின் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"இது இப்படியே இருக்கணும், அண்ணா. என்ன பூசலாம்னு விசாரிச்சுச் சொல்லேன்" என்றாள்.

காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போனேன். ஒரு கடையில், "ஆயுள் முழுவதும் மஞ்சளே ஆகாது" என்று சத்தியம் செய்யாத குறையாக ஒரு டப்பாவை நீட்டினார்கள். மேசை செய்த ஆசாரி அப்படிச் சத்தியம் செய்யவில்லை.

"ஆளிவிதை எண்ணெய் வேண்டாங்க. நாளாக நாளாகப் பழுக்கும். இருட்டு அறையில் இன்னும் சீக்கிரம் பழுக்கும். எண்ணெய் வார்னிஷும் அப்படித்தான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பாலிஷ் முதல் நாளே சிவப்பேற்றிவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பாலியூரித்தேன்தான் நிறம் மாறாமல் தெளிவாக நிற்கும். ஆனால் மரம் மாறுமே! வெயில் வெளிச்சம் பட்டால் மரமே உள்ளுக்குள் நிறம் மாறும். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. வெள்ளைச் சாயம் கொஞ்சம் கலந்தால் நிறத்தை நிறுத்தலாம், ரேகை மங்கிவிடும்."

எனக்கு ஒரே பூரிப்பு. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளை வெளிச்சம் சிதைக்கிறது என்று விஞ்ஞானமும் சொல்கிறது. ஆகவே எல்லாம் அநித்தியம்! வீடு திரும்பியதும் தங்கையிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். இளமை நிலையாது, நிறம் நிலையாது, பழுப்பதும் ஓர் அழகே என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உன் பேனா மசி மங்கினால் அநித்தியம்னு விட்டுடுவியா, அண்ணா? நான் கேட்டது ஒரு மேசைக்குப் பூச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை. ஆனி மாதத்தில் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்பு சாத்துகிறார்கள். சுதை உதிரக்கூடியது என்று தெரியாதவர்களா அவர்கள்? தெரிந்ததனால்தான் காப்பு. நிலையாமையை உணர்ந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை, தைலம் காய்ச்சுகிறான்.

கடைக்காரர் ஆசையை மதித்தார், உண்மையை மதிக்கவில்லை. நான் உண்மையை மதித்தேன், ஆசையை மதிக்கவில்லை. இரண்டையும் மதித்தவர் ஆசாரி. முடிந்ததைச் செய்கிறேன், முடியாததைச் சொல்லிவிடுகிறேன் என்பது எவ்வளவு பெரிய நாணயம்! தத்துவம் என்னுடைய நஷ்டத்துக்கு நான் தேடிக்கொள்ளும் ஆறுதலாக இருக்கலாம். பிறர் நஷ்டத்தின் மேல் அதைப் பூசினால், அதுவும் ரேகையை மறைக்கும் வெள்ளைச் சாயம்தான்.

மறுநாள் மேசை விஷயத்தில் நானும் ஒரு கை கொடுத்தேன். இரும்புக் கம்பளி போட்டுத் தேய்த்தால் துகள் தங்கித் துருப்புள்ளி விழும் என்று ஆசாரி எச்சரித்ததால், நயமான உப்புத்தாள் வாங்கி வந்தேன். மெல்லியதாக மூன்று பூச்சு; ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் லேசாகத் தேய்ப்பு. மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டோம். ஜன்னலுக்கு ஒரு திரையும் தைத்தாகிவிட்டது. அதே பூச்சுப் போட்ட ஒரு துண்டுப் பலகையைத் தங்கை அப்பாவின் பீரோவுக்குள் வைத்திருக்கிறாள்.

அடுத்த ஆனியில் அதை எடுத்து மேசையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாளாம். பக்கத்தில் நின்று பிரசங்கம் செய்வதில்லை என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.