திரும்பி வரும் பயணம்

பயணம் மனசுக்கு நல்லது என்று யாராவது சொன்னால், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் என் வயதுக்காரர்கள் கொஞ்சம் தாமதித்துத்தான் தலையாட்டுவார்கள். நாங்கள் போகாத பயணமா? 1990 சண்டையில் திருகோணமலையை விட்டுக் காட்டுவழியே வடக்கே போனவர்கள் உண்டு. படகேறி இந்தியக் கரைக்குப் போனவர்களும் உண்டு. அதில் ஒருவருக்கும் மனம் லேசாகவில்லை. என் அம்மா இன்றைக்கும், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போனாலும், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டோவில் ஏறுவார்.

ஆகவே தூரமோ காட்சியோ அல்ல விஷயம். போவதை நாமே தீர்மானித்தோமா, திரும்பி வர வீடு இருக்குமா என்பதுதான்.

இதை யோசிக்கும்போது எனக்கு ரொபேர்ட் நொக்ஸ் நினைவுக்கு வருவார். புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு 1660இல் நம் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து, கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டவர். கப்பல் தலைவரான தகப்பன் அடுத்த ஆண்டே நோயில் இறந்துபோனார். மகனுக்கு 19 ஆண்டுக் காவல். சுவர் இல்லாத சிறை அது. கிராமத்தில் வீடு கட்டி வாழலாம், நாட்டை விட்டுத்தான் போக முடியாது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். பிறகு மூட்டை தூக்கி ஊர் ஊராக வியாபாரம் செய்தார், வழிகளைப் பழகிக்கொள்ளும் உள்நோக்கத்தோடு. 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். எல்லோரும் தப்பிய கதையைச் சொல்வார்கள். எனக்கு அந்த மூட்டை வியாபாரம்தான் பெரிதாகப் படுகிறது. கைதியாக இருந்த மனிதர் தன் விருப்பத்துக்கு நடந்த நடை அது. அவரைச் சிதையாமல் வைத்திருந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

நான் செய்வது அதைவிடச் சின்ன வேலை. அலுவல் ஒன்றும் இல்லாமல் மூதூர் பஸ்ஸில் ஏறுவேன். முன்பு வழியில் கிண்ணியாவுக்கு மிதவைப் பாதையில்தான் கடக்கவேண்டும். 2009இல் பாலம் வந்துவிட்டது. யன்னலோரம் இருந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அப்படிப் போய்வந்த கிழமையில் வீட்டில் எரிந்துவிழுவது குறைகிறது. இரவில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு திக்கென்பதும் குறைகிறது. தெரியாத தெருவுக்குள் நுழைந்து கேடில்லாமல் வெளியே வந்த பழக்கம், நாளாந்த வாழ்வுக்கும் கொஞ்சம் துணிவு தருகிறது போலும்.

ஒருமுறை மூதூர்த் தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வாங்கில் இருந்த முதியவர், "ஆரைத் தேடி வந்தீங்க தம்பி?" என்றார்.

"ஒருத்தரையும் இல்லை காக்கா. சும்மா ஊர் பார்க்க."

"இஞ்ச என்ன இரிக்கி பாக்க?" என்று சிரித்தார். 2006இல் சண்டை மூண்டபோது குடும்பத்தோடு கந்தளாய்க்கு ஓடியவர் அவர். அதற்குப்பிறகு ஆஸ்பத்திரி, கச்சேரி என்று மட்டும்தான் ஊரைவிட்டு வெளியே போனாராம். எங்கள் மேட்டிலிருந்து உட்துறைமுகம் தெரியும், ஒருநாள் வாருங்கள், மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான் என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "திரும்பி வர கடைசி பஸ் எத்தின மணிக்கி?"