முந்தாநாள் மரபு

டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸனில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். என் கார் பழுதாகி நின்ற வாரம், தினமும் தன் பழைய பிக்கப் வண்டியில் என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டார். வண்டியில் எப்போதும் ஒரே ஆல்பம்தான் ஓடும். முதல் நாள், ஒற்றை கிட்டார் யோசித்து யோசித்து நடந்துகொண்டிருந்தது. மூக்கால் வரும் ஒரு குரல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நின்று ஏதோ சொன்னது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். "ஆரம்பித்து ரொம்ப நேரமாயிற்று" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'. 1975-இல் வெளிவந்தது. அதைப் பதிவு செய்த ஸ்டுடியோ இருந்த கார்லண்ட் எங்களுக்கு அடுத்த ஊர். மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டுக் குதிரையேறி அலையும் ஒரு பாதிரியாரின் கதையை, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டு போகும் ஆல்பம். கிட்டார், நெல்சனின் அக்கா பாபியின் பியானோ, ஒரு மவுத் ஆர்கன். டிரம்ஸைக் காது கொடுத்துத் தேட வேண்டும்.

என்னைப் போலவே கேட்டவர்கள் எனக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். பதிவு நாடாவைக் கேட்ட கொலம்பியா நிறுவனத்து அதிகாரிகள், இது வெறும் டெமோ, இனிமேல்தான் வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்து முடிக்கப்போகிறார் என்று நினைத்தார்களாம். முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் முகம் சுளித்தார்கள். ஆனால் கடைசிச் சொல் பாடகருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அப்படியே வெளியிட்டார்கள்.

அந்த அதிகாரிகளை நினைத்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் இசை தெரியாதவர்கள் அல்ல. கன்ட்ரி இசை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். எது கன்ட்ரி? வழவழவென்ற வயலின்கள், பின்னால் மெத்தை விரித்ததுபோல் கோரஸ். கன்ட்ரி தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்தின் பெயரால் 'நாஷ்வில் சவுண்ட்' என்று அதற்குப் பெயரே உண்டு. அதன் வயதைப் பாருங்கள். ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனபோது, நகரத்துக் காதுகளைப் பிடிப்பதற்காக 1950-களின் பிற்பாதியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. 1975-இல் அதற்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதற்கும் முன்னால், 1927-இல் பிரிஸ்டல் என்ற மலையோரச் சிற்றூரில் கார்ட்டர் குடும்பத்தார் என்ற கன்ட்ரி இசைக்குழுவினர் முதன்முதலில் பதிவுக்கருவி முன் நின்றபோது, இரண்டு கருவிகளும் மூன்று குரல்களும்தான் இருந்தன. கொலைக்கதைப் பாட்டுகள் அதைவிடப் பழையவை. கடல் தாண்டி பிரிட்டனிலிருந்து குடியேறிகளோடு வந்தவை.

ஆக, நெல்சன் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நேற்றைத் தாண்டி முந்தாநாளுக்குப் போனார். நேற்றைக் காவல் காத்தவர்களுக்கு அது விபரீதமாகத் தெரிந்தது.

இதை யோசித்தபோது என் தங்கையின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. செலவைக் குறைக்கலாம், வரவேற்பு மேடையும் மெல்லிசையும் வேண்டாம் என்று நான் சொல்லப்போக, "காலங்காலமா நம்ம வழக்கம்டா அது" என்று பெரியப்பா குரலை உயர்த்தினார். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா தலையைத் தூக்கி, "எந்தக் காலத்துலடா?" என்று கேட்டாள். அவள் கல்யாணத்தில் மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. கல்யாணம் என்னவோ மேடையோடுதான் நடந்தது; அந்த வீட்டில் அப்பத்தா பேச்சு எடுபட்ட காலம் போயிருந்தது. நாம் மரபு என்று தோள்தட்டிக் காப்பாற்றுவதில் எவ்வளவு நிஜமாகவே பழையது, எவ்வளவு நம் பெற்றோர் காலத்துச் சந்தை ஏற்பாடு என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நெல்சன் பழையதற்குத் திரும்பினார் என்பதோடு நிறுத்தினாலும் பிழைதான். அந்த கிட்டாரில் மாட்டியிருப்பது நைலான் தந்தி. கன்ட்ரி பாடகர்கள் கையில் வழக்கமாக இருப்பது எஃகுத் தந்தி. வாசிப்பில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பிய ஜிப்ஸி ஜாஸ் மேதையின் சாயல். நெல்சனுக்கு அவர் மீது தீராத மோகம். நடுவில் ஒரு வால்ட்ஸ் மெட்டு வருகிறது. அதை அமைத்தவர் 19-ஆம் நூற்றாண்டு மெக்சிகோக்காரர் ஹுவென்டினோ ரோசாஸ். தாளத்துக்குப் பின்தங்கியும் சில சமயம் முந்தியும் பாடும் அந்தக் குரல், நாஷ்வில்லில் நெல்சனுக்குப் பாதகமாகவே இருந்தது. 'கிரேஸி' என்ற அவருடைய பாட்டை 1961-இல் பேட்ஸி கிளைன் பாடி ஊரறியச் செய்தார். எழுத்துக்கு விலை இருந்தது, குரலுக்கு இல்லை. நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் இருந்த வீடு தீப்பிடித்து எரிந்தபின் டெக்ஸாஸுக்கே திரும்பினார். பருத்தி வயல்களுக்கு நடுவே ஆபட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அந்த நிலத்தில் தேவாலயப் பாட்டும் மெக்சிகோப் பாட்டும் கறுப்பின மக்களின் புளூஸும் வேலி இல்லாமல் காதில் விழுந்தன. இவ்வளவு கலப்பும் சேர்ந்ததுதான் அவருக்குப் பழையது. தூய மரபைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

கேட்டவர்கள் தடுமாறவில்லை. நிறுவனம் தயங்கிய ஆல்பத்திலிருந்து 'புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்' 1975 இலையுதிர் காலத்தில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடகராக அவருக்கு முதல் முதலிடம், வயது 42. இதிலும் ஒரு வேடிக்கை. அந்தப் பாட்டு அவருடையதே அல்ல. ஃப்ரெட் ரோஸ் எழுதி, 1940-களிலேயே ராய் அகஃப் பாடியது. ஆஸ்டினில் இருந்த ஆர்மடில்லோ அரங்கில் நெல்சன் பாடும்போது முடி வளர்த்த ஹிப்பிகளும் மாட்டுப்பண்ணைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்; வேறெங்கும் சேர்ந்து உட்காராதவர்கள். பண்ணைக்காரர்களுக்கு அது தாத்தா வீட்டுத் திண்ணைப் பாட்டு. ஹிப்பிகளுக்குத் திண்ணை ஏது? தங்களிடம் எதையும் விற்கப் பார்க்காத ஒரு குரலை அவர்கள் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். மெத்தை இல்லாத இடத்தில் கேட்பவனே உட்கார இடம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேலையைக் கொடுத்ததற்காகவே எனக்கும் அந்த ஆல்பம் பிடித்துப்போனது, மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ.

முழுதாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கதையில் குதிரையைத் தொட்ட பாவத்துக்கு இன்னொரு பெண்ணும் சுடப்படுகிறாள். குதிரையைத் திருட வந்தவள் என்று ஊர் அவனை விட்டுவிடுகிறது. கடைசியில் அவனுக்கு ஆறுதலும் கிடைக்கிறது. செத்த பெண்களுக்கு ஆறுதலாக ஒரு அடிகூட இல்லை. முந்தாநாளுக்குப் போகிறவன் முந்தாநாளின் அநீதியையும் குதிரையில் ஏற்றிக்கொண்டுதான் வருகிறான். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஓட்டியபின், தன் மனைவியும் இதையேதான் சொல்வாள் என்றார். அவள் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

நெல்சனின் அந்த கிட்டாருக்கு டிரிகர் என்று பெயர். 1969-இல் வாங்கியது. வாசித்து வாசித்து மரப்பலகையில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. அவர் இன்னொன்றுக்கு மாறவில்லை. ஆல்பம் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாடு பத்திரப்படுத்த வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2009-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது. வயலின் சேர்க்காமல், அந்த டெமோ நிலையிலேயே.