பதினாறுக்குப் பிறகு

துக்கம் கேட்கப் போகும்போது என்ன பேசுவது என்று பலரும் தயங்குகிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. ஆண்கள் இரண்டு கைகளையும் நீட்டுவார்கள், இழவுக்கு உரியவர் தொடுவார். பிறகு பந்தலில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். புறப்படும்போது சொல்லிக்கொள்ளத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. எழுந்து நடையைக் கட்ட வேண்டியதுதான். பேசத் தெரியாதவனும் குறையில்லாமல் செய்துவிடக்கூடிய காரியமாக இதை வைத்தவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள். நாமோ வாட்ஸப்பில் கைகூப்பும் பொம்மையோடு ‘ஆழ்ந்த இரங்கல்’ அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

அப்பா தவறிய அன்று எனக்கு அழக்கூட நேரமில்லை. நீர்மாலைக்குப் போக வேண்டும், கோடி கொண்டுவருகிறவர்களைக் கவனிக்க வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும். சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தை இடது தோளில் வைத்துச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து குடத்தில் ஒரு ஓட்டை போட்டார்கள். முதுகெல்லாம் தண்ணீர் வழிய மூன்று சுற்று. பிறகு குடத்தை அப்படியே பின்னால் போட்டு உடைத்துவிட்டுக் கொள்ளி வைக்க வேண்டும். “தம்பி, திரும்பிப் பாக்கக் கூடாது” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அதட்டிக்கொண்டே கூட வந்தார். மனசு மரத்துப்போய் நிற்கிற நேரத்தில், அடுத்து இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய உதவி! அந்த ஆன்மா கரையேறியதா, எனக்குத் தெரியாது. நான் கரையேறினேன். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. பசிக்கிறது என்று சொல்லக் கூசுகிற நாளில், சாப்பாடு போடுவதை இன்னொருவர் கடமையாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒப்பாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், அதில் என்ன சொல்லி அழுகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டதில்லை. பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து என் அத்தை அழுதது பாதிதான் பாட்டிக்காக. மீதி, சீர் செய்யாத அண்ணன்மார்களைப் பற்றி, வாழப்போன வீட்டில் பட்ட பாட்டைப் பற்றி. அண்ணன்மார்கள் அங்கேதான் நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை. மற்ற நாளில் அவள் அதைப் பேசியிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

இதற்காக எல்லாச் சடங்கையும் தூக்கிப்பிடிக்க நான் தயாரில்லை. கணவனை இழந்தவளுக்குப் பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக அறுத்தும் உடைத்தும் எடுக்கிறார்களே, அதில் துக்கம் எங்கே இருக்கிறது? அது தண்டனை. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம் இந்தச் சடங்குகளை ஒழிப்பதாகத் தீர்மானம் போட்டது. அதே மாதம் அந்த மாநில அரசு மற்ற ஊராட்சிகளையும் அப்படியே செய்யச் சொன்னது. நம் ஊர்களிலும் அப்படித் தீர்மானம் போடலாம். அதேபோல, சாவுச் சேதி சொல்லவும் பறையடிக்கவும் குழிவெட்டவும் சாதியின் பேரால் சிலரை விரட்டி வேலை வாங்கிவிட்டு, பந்தலுக்கு வெளியே நிறுத்தியதும் இதே மரபுதான். அதை மறைத்துவிட்டு முன்னோர் பெருமை பேசுவது நேர்மையாகாது.

ஆனால் நாம் எதைக் கைவிடுகிறோம் என்று பாருங்கள். தாலி அறுப்பு பல வீடுகளில் அப்படியே நடக்கிறது; பதினாறு நாள்தான் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. லீவு கிடைப்பதில்லை, பெங்களூரிலிருந்து வந்தவர்கள் திரும்பி வர முடியாது, காரணங்களில் பொய்யில்லை. காலையில் பால் தெளிப்பு, மத்தியானம் கருமாதி, சாயங்காலம் பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். நாள் கணக்கில் புனிதம் எதுவும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பதினாறு நாளும் யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களே, அதுதான் போய்விட்டது. 2020இல் கொரோனாவுக்காக இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியபோது நாம் தவித்தோம். இன்று எந்தத் தடையும் இல்லாமல் நாமே அந்த அளவுக்கு வந்துகொண்டிருக்கிறோம்.

துக்கம் மூன்று நாளில் தீருகிற சமாச்சாரமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2022இல் தன் கையேட்டில் நீடித்த துக்கம் என்பதை ஒரு நோயாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு, இறப்பு நடந்து ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் அப்படிச் சொல்லலாம் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் தலைத்திவசம் வரை பண்டிகை கிடையாது. முதல் தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வரும். புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள கையறுநிலைப் பாட்டும் தந்தை இறந்த அன்றைக்கே பாடியதல்ல; போன மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் ஒப்பிட்டுப் பாடியது. வந்தவர்கள் எல்லாரும் போன பிறகுதான், காலியாகக் கிடக்கும் கட்டில் கண்ணில் படும்.

ஆகவே, நீங்கள் போய்வந்த துஷ்டி வீட்டுக்கு மாதம் ஒன்று கழித்து இன்னொரு முறை போங்கள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் போனால் நல்லது, தனியாக இருப்பவர்களுக்குப் பொழுது நகராத நேரம் அது. இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், சிரிப்பு வரக்கூடிய விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை. காப்பி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள்.