ஊழும் மனோதத்துவமும்

ஓர் உறவு ஸ்திரமில்லாமல் ஆக ஆக, அதன் மேலுள்ள பற்று தளர்வதற்குப் பதிலாக இறுகுவதேன்? ஜான் பௌல்பி 1969இல் வெளியிட்ட நூலில், குழந்தை தாயிடம் கொள்ளும் பற்று பசியிலிருந்து பிறந்ததல்ல, பசியைப் போலவே தனித்ததொரு தேவை என்றார். மேரி எய்ன்ஸ்வொர்த்தின் ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: தாய் எப்போது கவனிப்பாள் என்ற நிச்சயமில்லாத குழந்தை, அவள் திரும்பி வந்த பிறகும் ஆறுவதில்லை, ஒட்டிக்கொள்கிறது, உதறவும் செய்கிறது. 1987இல் ஹேஸனும் ஷேவரும் இதே அமைப்பைக் காதலிலும் கண்டார்கள்.

காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. நான் வேலை பார்க்கும் வங்கிக்குப் பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களில் தலைமடைக்காரர் வாய்க்காலைப் பற்றிப் பேசுவதில்லை. கடைமடைக்காரர் வேறெதையும் பேசுவதில்லை. மேட்டூர் திறந்து எத்தனை நாள், கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். நிச்சயமின்மை காதைக் கூர்மையாக்குகிறது. தண்ணீர் விஷயத்தில் இது விவேகம். தண்ணீருக்கு மனசு கிடையாது; அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் அதற்கு வலிக்காது.

மனிதர் விஷயம் வேறு. அதே காவிரி கடலில் சேரும் புகாரில் கோவலனுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரையில் அவன் யாழ் வாசித்துப் பாடுகிறான். மாதவி அதில் வேறொரு பெண்ணைச் சந்தேகிக்கிறாள். தானும் வேறொருவனை நினைத்தவள்போல் பதிலுக்குப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். இரண்டு பேருமே அடுத்தவர் பாட்டில் தங்கள் பயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இளங்கோ இதற்கு ஊழைக் காரணமாகச் சொல்கிறார். ஊழ் இருந்த இடத்தில் நாம் இன்று குழந்தைப் பருவத்தை வைத்திருக்கிறோம். சொல் மாறியிருக்கிறது, வசதி மாறவில்லை. இரண்டிலும் கோவலன் பொறுப்பாளியில்லை. நம் கவிதைகளில் ‘நான் இப்படி ஆக்கப்பட்டவன்’ என்ற குரல் அடிக்கடி கேட்பது இந்த வசதியால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காவியமோ இந்த வசதியைத் தருவதில்லை. மாதவி இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். வசந்தமாலை கொண்டுவந்த முதல் கடிதத்தைக் கோவலன் மறுக்கிறான்; ஆடல்மகளுக்கு எல்லாமே நடிப்பு என்கிறான். மதுரையை நெருங்கும் வழியில் கோசிகன் கொண்டுவந்த இரண்டாவதன் முத்திரையில் அவள் கூந்தல் வாசனை இருக்கிறது. கையிலிருந்து விடாமல் வைத்திருந்து, பிறகு பிரித்துப் படிக்கிறான். குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று உணர்கிறான். இடையில் அவன் பால்யம் மாறிவிடவில்லை. மாதவியும் மாறவில்லை. அவளை இழந்தாகிவிட்டது, இனிப் பயப்பட ஒன்றுமில்லை, அதனால் முடிந்தது என்று மனோதத்துவம் சொல்லும். இருக்கலாம். ஆனால் பயம் விலகியதும் தெரிகிற உண்மை, பயந்திருந்தபோதும் அங்கேதான் இருந்தது. பயப்படுவது குற்றமில்லை. பயத்தைச் சாட்சியாக வைத்து இன்னொருவர்மேல் தீர்ப்பு எழுதுவது குற்றம்.

அடுத்து அவன் செய்கிற காரியம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அந்தக் கடிதத்தின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்தும் என்று கண்டு, அவர்களிடம் காட்டச் சொல்லிக் கோசிகனிடமே அதைத் திருப்பிக் கொடுக்கிறான். காதலுக்கு அடியில் இருப்பது பெற்றோரிடம் கொண்ட பழைய பற்றே என்பதற்கு பௌல்பிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது. ஆனால் மாதவிக்கு? அவளுக்கென்று ஒரு வரி பதில் இல்லை. தன் குற்றத்தை அறிந்ததில் அவன் தளர்ச்சி நீங்கிவிட்டது. அவள் காத்திருப்பது நீங்கவில்லை. அவளுக்கு எட்டுவது அவன் சாவுச் செய்திதான்.

தன்னை அறிவதும் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்வதும் வேறு வேறு காரியங்கள். மனோதத்துவம் முதலாவதற்கு உதவும். இரண்டாவதை அது நமக்காகச் செய்து தராது. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நல்ல கவிதை எழுதி அச்சிலும் பார்த்துவிட்டு, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். கவிதை நன்றாக இருக்கிறது என்பதால் அந்தக் கடன் அடைந்துவிடுவதில்லை.