ஞானஸ்நானம்: நீரா, நெஞ்சமா?

புனித நீராடல் நம் நாட்டினருக்குப் புதியதன்று. கங்கையிலும் காவிரியிலும் மூழ்கி எழுவோர் கோடிக்கணக்கானோர். புனே நகரை அடுத்த ஆளந்தியில் ஞானேசுவரரின் சமாதியைத் தரிசிக்க வருவோர் பலர் இந்திராயணி ஆற்றில் நீராடிய பின்னரே ஆலயத்துள் செல்கின்றனர். ஆயினும், உடலை நனைக்கும் நீர் உள்ளத்தையும் கழுவுமா என்ற கேள்வியும் பழமையானதே. அப்பர் அடிகள் அதை எழுப்பினார், சித்தர்களும் எழுப்பினர். கிறிஸ்தவ சமயத்தில் இக்கேள்வி ஞானஸ்நானத்தைச் சுற்றி எழுகிறது.

யோர்தான் நதியில் யோவான், மனந்திரும்ப இசைந்தவர்களுக்கு ஞானஸ்நானம் அளித்தார். இயேசுவும் அவரிடம் அதைப் பெற்றார். பின்னர் புனித பவுல் அச்செயலுக்கு ஆழ்ந்த பொருள் கண்டார். நீருக்குள் செல்வது பழைய மனிதனின் மரணமும் அடக்கமும். நீரிலிருந்து எழுவது கிறிஸ்துவுடன் புதுவாழ்வுக்கு உயிர்த்தெழுதல். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அளிக்கப்படும் இச்சடங்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை பெறப்படுவது. தீர்த்த நீராடலுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

அப்படியானால், அந்த ஒருநாளிலேயே மனிதன் மாறிவிடுகிறானா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பண்டித ரமாபாய்.

ஒரே நாளில் தாயும் சேயும்

வடமொழிப் புலமைக்காகக் கல்கத்தாவில் 'பண்டிதா', 'சரஸ்வதி' ஆகிய பட்டங்களைப் பெற்ற ரமாபாய், கணவரை இழந்தபின் 1882-இல் புனேக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். அங்கே, சமூகம் ஒதுக்கிய பெண்களைக் கன்னியர் அன்புடன் பேணுவதைக் கண்டு, இதற்குக் காரணம் என்னவென்று வினவினார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணுடன் இயேசு உரையாடிய வரலாற்றை அவர்கள் எடுத்துரைத்தனர். அது அவருடைய நெஞ்சைத் தொட்டது.

1883 செப்டம்பர் 29 அன்று வாண்டேஜ் என்னும் ஊரில் ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய இரண்டு வயது மகள் மனோரமாவும் அன்றே பெற்றாள். தாய் ஆராய்ந்து தெளிந்து ஏற்றார். குழந்தை ஏதும் அறியாமல் பெற்றது. இறையருள் மனிதனின் அறிவுக்கு முற்பட்டது என்பதால் குழந்தைக்கும் அளிக்கலாம் என்று பல திருச்சபைகள் கருதுகின்றன. தானே நம்பி அறிக்கையிடுபவருக்கே அளிக்க வேண்டும் என்பது பாப்டிஸ்ட் சபையினர் போன்றோரின் கொள்கை.

செய்தி அறிந்து, புனேயில் ரமாபாயைப் போற்றியவர்கள் பலர் வருந்தினர், சினந்தனர். தாயகம் திரும்பிய அவர் 1889-இல் மும்பையில் தொடங்கிய சாரதா சதன், 1890-இல் புனேக்கு மாறியது. விதவைப் பெண்கள் கல்வி கற்ற அவ்வில்லத்தில் மதமாற்றம் நிகழ்வதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1893-இல் ரானடே, பண்டார்கர் போன்ற சான்றோர்களும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர்.

எட்டு ஆண்டு இடைவெளி

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற ஞானஸ்நானம் அவருக்கு அமைதி தந்ததா? இல்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். கிறிஸ்தவ சமயத்தைக் கண்டடைந்த தாம், கிறிஸ்துவைக் கண்டடைய மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின என்பது 1907-இல் வெளியான அவருடைய சாட்சியத்தின் சாரம். ஆயினும் பெற்ற சடங்கை அவர் பொய்யென்று தள்ளவில்லை. அன்று ஏற்ற வாக்குறுதிக்குள் மெல்ல மெல்ல வளர்ந்தார். விதை ஊன்றிய நாளும் கனி பறிக்கும் நாளும் ஒன்றல்ல. அதனால் விதைப்பு வீணாகிவிடுமோ?

நீரைப் பெறாதவர்

நீரைப் பெற்றும் உள்ளம் நிறையாதவர் உண்டெனில், உள்ளம் நிறைந்தும் நீரைப் பெறாதவரின் நிலை என்ன? மராட்டியக் கவிஞர் நாராயண வாமன் திலகர் இதைச் சிந்தித்தார். அவர் 1895-இல் ஞானஸ்நானம் பெற்றபோது, மனைவி லட்சுமிபாய் சில ஆண்டுகள் அவரைப் பிரிந்து பெருந்துயர் அடைந்தார். நம் நாட்டில் இச்சடங்கு குடும்பத்தையும் சுற்றத்தையும் பிரிக்கும் வாளாகவும் அமைந்ததைத் திலகர் தம் இல்லத்திலேயே கண்டார். 1917-இல் அவர் அமைத்த 'தேவாச்சா தர்பார்' என்னும் அடியார் கூட்டத்தில், ஞானஸ்நானம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடமிருந்தது.

திருச்சபை மரபிலும் இதற்கு ஆதாரம் உண்டு. சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு நீர் கிட்டவில்லை; பரகதி கிட்டியது. ஞானஸ்நானத்தை விரும்பி, பெறுமுன் இறந்தவரின் விருப்பமே அவருக்கு மீட்பளிக்கும் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. ஆகவே நீர் இறைவனைக் கட்டுப்படுத்துவதில்லை. பெற்றவரையே அது கட்டுப்படுத்துகிறது: இனித் தனக்கென வாழ்வதில்லை என்னும் உறுதிமொழியால்.

அவ்வுறுதிமொழியை ரமாபாய் எவ்வாறு காத்தார் என்பதற்குப் புனேக்குக் கிழக்கேயுள்ள கேட்காவ் சான்று. 1896-97 பஞ்சத்தில் ஆதரவற்று நின்ற நூற்றுக்கணக்கான சிறுமியரையும் விதவைகளையும் அழைத்து வந்து அங்கே புகலிடம் அளித்தார். 'முக்தி' எனப் பெயர் பெற்ற அவ்வில்லம் இன்றும் உள்ளது. மனோரமா வளர்ந்து தாயின் வலக்கரமாகி, 1921-இல் மறையும்வரை அங்கே தொண்டு செய்தார். குழந்தைப் பருவத்தில் அறியாமல் பெற்றதை, அறிந்த பருவத்தில் சேவையால் தமதாக்கிக்கொண்டார்.

உபநயனம் பெற்றவரை இருபிறப்பாளர் என்கிறோம். தீட்சை பெற்றவரிடம் புதுவாழ்வை எதிர்பார்க்கிறோம். ஞானஸ்நானமும் அத்தகைய இரண்டாம் பிறப்பே. பிறந்துவிட்டால் மட்டும் போதாது, வளர வேண்டும். தலையில் விழுந்த நீர் சில நொடிகளில் உலர்ந்துவிடும். அன்று கொடுத்த வாக்கு உலராமல் காப்பதே வாழ்நாள் சாதனை.